கெட்டிப்பதற்கு முன்

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து செண்பகத்தோப்புக்குப் போகும் சாலையில் ஊர் முடிந்ததும் தென்னந்தோப்பும் மாந்தோப்பும் ஆரம்பித்துவிடுகின்றன. நடுநடுவே மக்காச்சோளம், கொஞ்சம் நிலக்கடலை. மேற்கே நிமிர்ந்தால் மலை. வயல்களைச் சுற்றிக் கம்பு நட்டுப் பழைய சேலைகளைக் கட்டிவிட்டிருக்கிறார்கள். காற்றில் சேலை அசைந்தால் காட்டுப்பன்றி மிரண்டு திரும்பிவிடும் என்று நம்பிக்கை. சில நாட்கள் திரும்பவும் செய்யும். பழகிவிட்டால் சேலைக்கு அடியிலேயே புகுந்துவிடும்.

நான் போய் நின்ற வயலில் முந்தின இரவுதான் வந்திருந்தன. பன்றி தின்பதைவிட அழிப்பது அதிகம். தட்டையைக் கடித்துச் சாய்த்து, கதிரில் நாலு மணியைக் கொறித்துவிட்டு அடுத்த தட்டைக்குப் போய்விடுகிறது. வரப்போரம் மூக்கால் கிளறிய மண் இன்னும் ஈரமாகவே இருந்தது. குளம்புத் தடத்தைக் குனிந்து பார்த்தேன். முன்னால் இரண்டு கூர், பின்னால் இரண்டு சின்னப் புள்ளி. பெரியதும் சின்னதுமாகத் தடங்கள் கலந்து கிடந்தன. குட்டிகளோடு வந்த கூட்டம்.

"வெள்ளாமையில பாதி அதுக்குத்தான் அண்ணாச்சி. மீதிக்குத்தான் நாங்க ராத்திரி முழிச்சுக் கெடக்கோம்" என்றார் வயல்காரர். அறுபது வயதுக்கு மேல் இருக்கும். வெடி போடுகிறார், தகரத்தைத் தட்டுகிறார், டார்ச் அடிக்கிறார். அப்பா காலத்துத் துப்பாக்கி ஒன்றும் வைத்திருக்கிறார். பயிர்ப் பாதுகாப்புக்காக உரிமம் வாங்கிய ஒற்றைக்குழல், வாய்வழியாக மருந்து கெட்டிக்கும் ரகம். 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம், உண்மையாகவே பயிரைக் காக்க வேண்டியவருக்கு இந்த ரகத்துக்கு உரிமம் தர 13ஆம் பிரிவில் இடம் வைத்திருக்கிறது. தேர்தல் வந்தால் காவல் நிலையத்தில் ஒப்படைத்து ரசீது வாங்கிக்கொள்வார். முடிந்ததும் போய் எடுத்து வருவார். இப்போது அதில் வெறும் மருந்தை மட்டும் போட்டுச் சத்தத்துக்காக வெடிப்பதாகச் சொன்னார். சத்தத்துக்குப் பன்றி ஓடுகிறது, விடியும் முன் திரும்பி வருகிறது.

அந்தத் துப்பாக்கிக்குள் முன்பெல்லாம் என்ன போட்டார்கள் என்பதைத் தெரிந்துகொள்ளத்தான் நான் போயிருந்தேன். அவர் உள்ளே போய் ஒரு தகர டப்பாவைக் கொண்டுவந்து திண்ணையில் கவிழ்த்தார். ஈய ரவை கொஞ்சம், வெட்டிய ஆணித் துண்டுகள், பிறகு பளபளவென்று உருண்டோடிய இரும்புக் குண்டுகள். சைக்கிள் பேரிங்கில் போடும் பால்ரஸ். "ரவை கிடைக்காதப்ப இதுதான். எல்லாரும் இதைத்தான் போட்டாங்க." மருந்து, அதன்மேல் தேங்காய் நார், அதன்மேல் பால்ரஸ், மறுபடி நார். கம்பியால் இடித்துக் கெட்டிக்க வேண்டும். பிறகு தீப்பொறி தரும் 'கேப்' ஒன்றை வைத்துவிட்டால் தயார்.

ஒரு பால்ரஸை எடுத்து நகத்தால் கீறிப் பார்த்தேன். கோடு விழவில்லை. பிறகு ஈய ரவையைக் கீறினேன். பள்ளம் விழுந்து உள்ளே வெள்ளையாக மின்னியது. பார்வைக்கு இரண்டும் சின்ன உருண்டைகள். ஒரு பிராணிக்குள் போனால் இரண்டும் செய்யும் வேலை வேறு. இரும்பு நசுங்காது, விரியாது. தோலில் சின்னத் துளை போட்டு நுழைந்து, போகிற வழியில் எதைக் கிழித்ததோ அதோடு நின்றுவிடும். ரத்தம் வெளியே அதிகம் சிந்தாததால் தடம் பிடித்துப் போகவும் முடியாது. குழலின் உட்புறம் வழவழப்பானது, குண்டோ குழலுக்கு அளவெடுத்துச் செய்ததில்லை. குழலுக்குள்ளேயே இங்கும் அங்கும் இடித்துக்கொண்டு வெளியேறுகிற குண்டு எந்தப் பக்கம் போகும் என்று சுடுகிறவருக்கே தெரியாது. நாற்பது அடிக்கு அப்பால் அது குருட்டு அதிர்ஷ்டம்தான்.

இப்படி அடிபட்ட பன்றி உடனே சாவதில்லை. ஓடைப் புதரிலோ கரும்புக்குள்ளோ போய்ப் படுத்துக்கொள்ளும். காலையில் புல்லறுக்க வருகிற பெண்தான் அதன்மேல் போய் மிதிப்பார். நான் கேட்ட எல்லா ஊர்களிலும் இதே மாதிரி ஒரு கதை இருந்தது. தொடையில் தையல் போட்ட தழும்பை ஒருவர் வேட்டியை விலக்கிக் காட்டவும் செய்தார். பன்றியைச் சுட்டவர் யாரென்று எந்தக் கதையிலும் தெரியவில்லை.

அங்கிருந்து ராஜபாளையம் வந்தேன். எஸ்டேட் வேலையில் இருந்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர் வீட்டுக்கு வரச் சொல்லியிருந்தார். வாசலில் வெள்ளை வெளேரென்ற ராஜபாளையம் நாய், மூக்கு மட்டும் இளஞ்சிவப்பு. 2005ஆம் ஆண்டு இந்திய நாய் இனங்களுக்காக வெளிவந்த நான்கு அஞ்சல் தலைகளில் ஒன்றில் இடம்பெற்ற இனம். இந்த நாயைப் பன்றி வேட்டைக்குப் பழக்கிய ஊர் இது. வேட்டைக்கு வேல்கம்பும் நாயும் மட்டும் போன காலத்தில் தோட்டாவைப் பற்றிய கேள்வியே எழுந்திருக்காது.

பெரியவரிடம் முன்பு மூன்று துப்பாக்கிகள் இருந்தன. 2019இல் சட்டத்தைத் திருத்தி ஒருவர் இரண்டுக்கு மேல் வைத்துக்கொள்ளக் கூடாது என்று ஆக்கியதும் பன்னிரண்டு போர் இரட்டைக்குழலை ஒப்படைத்துவிட்டார். மிச்சம் இருப்பவை ஒரு பாயிண்ட் 22 ரைபிள், ஒரு பாயிண்ட் 315. இரண்டையும் சுவரோரம் சாய்த்துவிட்டு, நாளிதழ் விரித்த மேசையில் தோட்டாக்களை வரிசையாக நிறுத்தினார். துப்பாக்கியை எனக்குக் காட்டுவதில் அவருக்கு ஆர்வமே இல்லை. "துப்பாக்கி வெறும் குழாய் தம்பி. வேலை செய்யறது இதுதான்" என்று தோட்டாவைத் தொட்டுக் காட்டினார்.

பாயிண்ட் 22 தோட்டா விரல் நுனியில் நிற்கிறது. மொத்த நீளமே ஓர் அங்குலம். 1887இல் அமெரிக்காவில் வந்த வடிவம், இன்றும் பெரிதாக மாறவில்லை. பித்தளைக் கூட்டின் அடிவிளிம்பிலேயே தீப்பொறி மருந்து இருக்கிறது. மேலே 40 கிரெய்ன், அதாவது 2.6 கிராம் ஈயக் குண்டு. செப்புக் கவசம் கிடையாது. மெழுகு பூசியதுபோல விரலில் பிசுபிசுத்தது. மேசையில் இதிலேயே இரண்டு ரகங்கள் இருந்தன. ஒன்றின் முனை உருண்டை. இன்னொன்றின் முனையில் குண்டூசித் தலை போகிற அளவுக்குக் குழி. குழி இருப்பது உடம்பில் பட்டதும் விரியும், உள்ளேயே நின்றுவிடும். உருண்டை முனை பெரும்பாலும் துளைத்துக்கொண்டு மறுபக்கம் போய்விடும்.

வேகத்திலும் ரகங்கள் உண்டு. ஒலியைவிடக் கொஞ்சம் மெதுவாகப் போகிற தோட்டா ஒன்று, ஒலியை மிஞ்சுவது இன்னொன்று. வேகமானதுதானே நல்லது என்று கேட்டேன். பெரியவர் தலையாட்டி மறுத்தார். ஒலியை மிஞ்சிப் புறப்படும் 22 குண்டு, ஐம்பது மீட்டரிலிருந்து நூறு மீட்டருக்குள் வேகம் குறைந்து ஒலியின் வேகத்துக்குக் கீழே இறங்கும். அந்த இடத்தில் அது தடுமாறும். முதலிலிருந்தே மெதுவாகப் போகிற குண்டுக்கு அந்தத் தடுமாற்றம் இல்லை. போட்டிகளில் சுடுகிறவர்கள் மெதுவான தோட்டாவைத் தேடிப் போவது இதனால்தான்.

பிறகு ஒரு பழைய கணக்கு நோட்டைப் பிரித்தார். பக்கங்களுக்கு நடுவே பழுப்பேறிய காகித இலக்குகள். எல்லாம் ஒரே ரைபிளில், ஐம்பது மீட்டரில், குப்புறப் படுத்து மணல் மூட்டைமேல் குழலை வைத்து ஐந்தைந்து தோட்டாவாகச் சுட்டவை. ஒரு காகிதத்தில் ஐந்து ஓட்டைகளும் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே கிழிசலாகியிருந்தன. அடுத்த காகிதத்தில் அதே ஆள், அதே நாள், அதே ரைபிள். ஓட்டைகள் மட்டும் உள்ளங்கை அகலத்துக்குச் சிதறிக் கிடந்தன. மாறியது தோட்டாவின் கம்பெனி மட்டும்தான். குழலுக்குள் திருகாக ஓடும் வரி, குண்டின் எடை, அதன் வேகம் மூன்றும் ஒத்துப்போனால்தான் குண்டு ஒரே இடத்தில் போய் உட்காரும். எந்தக் கம்பெனி ஒத்துப்போகும் என்பதைப் பெட்டியைப் படித்துச் சொல்ல முடியாது. அந்தத் துப்பாக்கியில் போட்டுக் காகிதத்தில் சுட்டுப் பார்த்தால்தான் தெரியும். ஒத்துப்போவதைக் கண்டுபிடித்த பிறகு, அடுத்த தடவை வேறு பெட்டியை வாங்கக் கூடாது.

இவ்வளவு நுணுக்கமும் எதற்கு? ஒரு காலத்தில் முயல், கவுதாரி சுடுவதற்கு. பிறகு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதை நிறுத்தியது, நிறுத்தியது சரிதான். பெரியவரும் அதற்குப் பிறகு 22ஐக் காகிதத்தைத் தவிர வேறெதன்மீதும் நீட்டியதில்லை என்றார். உரிமம் தேவைப்படாத 4.5 மில்லிமீட்டர் காற்றுத் துப்பாக்கியை வாங்கிக்கொண்டு தோப்பில் அலையும் இளைஞர்களைக் கண்டால் கூப்பிட்டுச் சொல்லிவிடுகிறார்: துப்பாக்கிக்குத்தான் உரிமம் வேண்டாம், முயலைச் சுட்டால் எதில் சுட்டாலும் குற்றம்.

22ஐ வைத்துப் பன்றியைச் சுடலாமா என்ற கேள்வியை அவர் வாழ்நாள் முழுக்கக் கேட்டிருக்கிறார். கள்ள வேட்டைக்காரர்கள் கேட்பார்கள், ஏனென்றால் சத்தம் குறைவு. அவருடைய பதில் மாறியதில்லை. "கூடாது. சாகாதுன்னு சொல்லல. எப்பச் சாகும்னு யாருக்கும் தெரியாது." ஆண் பன்றியின் தோளைச் சுற்றித் தோலுக்கடியில் ஒரு தடித்த படலம் வளர்கிறது. ஆண்கள் தங்களுக்குள் சண்டையிடும்போது கொம்புப்பல் ஆழமாகப் போகாமல் காப்பது அதுதான். வயது ஏற ஏற அது இறுகும். இதயம் அதற்குப் பின்னால், முன்னங்காலை ஒட்டித் தாழ்வாக இருக்கிறது. அந்தப் படலத்தையும் எலும்பையும் தாண்டி இதயத்தை எட்ட இரண்டரைக் கிராம் ஈயத்துக்குத் திராணி போதாது.

அடுத்து அவர் நிறுத்தியது 315. ராணுவத்தின் 303 ரகம் பொதுமக்களுக்கு மறுக்கப்பட்டதால் இந்தியாவில் வேரூன்றிய ரகம் இது. ரைபிள் வங்காளத்து இஷாபூரில் செய்தது, தோட்டா புனேவை அடுத்த கட்கியில் செய்தது. இரண்டும் அரசுத் தொழிற்சாலைகள். குண்டின் உடம்பைச் செப்புக் கவசம் மூடியிருக்கிறது, மூக்கில் மட்டும் ஈயம் வெளியே தெரிகிறது. அதன் பக்கத்தில் ஒரு பழைய குண்டை வைத்தார். அவருடைய அப்பா ஒரு பன்றியிலிருந்து எடுத்து வைத்திருந்தது. மூக்கு காளான்போல விரிந்து பின்னால் மடங்கி, அகலம் இரண்டு மடங்காகியிருந்தது. செப்பு கிழிந்த ஓரங்கள் விரலில் குத்தின. அந்தப் பன்றி நின்ற இடத்திலேயே விழுந்ததாம். இதைக் கையில் வைத்துக்கொண்டு பால்ரஸை நினைத்துப் பார்த்தால் வித்தியாசத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை.

மூக்கு விரியும் குண்டுக்கு வரலாற்றில் கெட்ட பெயர் உண்டு. கல்கத்தாவை அடுத்த டம்டம் ஆயுதச் சாலையில் 1890களில் நெவில் பெர்ட்டி-கிளே என்ற ஆங்கிலேய அதிகாரி மூக்குக் கவசம் நீக்கிய குண்டைச் செய்தார். முழுக் கவசக் குண்டு எல்லைப்புறப் போர்களில் ஆளைத் துளைத்துப் போகிறதே தவிர நிறுத்தவில்லை என்ற புகாருக்கு அவர் கண்ட வழி அது. 1899இல் ஹேக் மாநாட்டில் உலக நாடுகள் அத்தகைய குண்டைப் போரில் பயன்படுத்துவதைத் தடை செய்தன. மனிதனைத் தேவைக்கு மேல் சிதைக்கிறது என்பது காரணம். வேட்டையில் நியாயம் தலைகீழாகிறது. போர்வீரன் காயம்பட்டு விழுந்தால் தூக்கிப் போக ஆள் வரும், மருத்துவர் இருப்பார். காயம்பட்ட பன்றிக்குப் புதர் மட்டும்தான். போருக்கு ஆகாத குண்டுதான் பன்றிக்குக் குறைந்த வலி தருகிறது. எனக்கு இது எளிதாக ஒப்புக்கொள்ளக்கூடிய விஷயமாக இல்லை. ஆனாலும் அந்த விரிந்த ஈயத்தைப் பார்த்த பிறகு மறுக்கவும் முடியவில்லை.

தோட்டாப் பெட்டியில் இன்னொன்றையும் படிக்கச் சொன்னார். 22 பெட்டிகளில் ஓர் எச்சரிக்கை அச்சடித்திருக்கும்: இந்தக் குண்டு ஒன்றரை மைல் வரை போகும். சின்னத் தோட்டாதானே என்று நினைப்பவர்கள் இந்த வரியைப் படிப்பதில்லை. செண்பகத்தோப்பு வயலில் நின்று ஒன்றரை மைலை மனதில் அளந்தால், அதற்குள் பக்கத்துத் தோப்பின் காவல் குடிசை வருகிறது, சாலை வருகிறது, காட்டழகர் கோயிலுக்கு நடந்து போகிறவர்கள் வருகிறார்கள். கவசமில்லாத ஈயம் பாறையில் பட்டால் எந்தத் திசையில் தெறிக்கும் என்று சொல்ல முடியாது. அடிவாரத்தில் பாறைக்குப் பஞ்சமில்லை. "பின்னால மண்ணு இருக்கான்னு பாக்காம விசையைத் தொட்டவனை எங்கப்பா மறுபடி கூட்டிட்டுப் போனதே இல்ல" என்றார் பெரியவர்.

அன்று மாலை ஒரு கால்நடை மருத்துவரையும் பார்த்தேன். காவலுக்கு நின்ற நாய் ஒன்றின் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார். விலாவில் வெள்ளைப் புள்ளிகள், இரவில் யாரோ பன்றி என்று நினைத்துச் சுட்டது. நாய் பிழைத்துக்கொண்டது, ரவைகள் உள்ளேயே தங்கிவிட்டன. ஈயத்தின் இன்னொரு கெடுதலையும் அவர்தான் நினைவுபடுத்தினார். வேகமான குண்டு எலும்பில் மோதும்போது கண்ணுக்குத் தெரியாத ஈயத் துணுக்குகள் சதைக்குள் பரவுகின்றன. அப்படிச் சுட்ட பிராணியின் மிச்சத்தைத் தின்ற கலிபோர்னியாவின் காண்டோர் கழுகுகள் ஈய நஞ்சால் செத்து விழுந்தன. அந்த மாகாணம் 2019 ஜூலை முதல் வேட்டையில் ஈயக் குண்டையே தடை செய்துவிட்டது. அங்கே முழுச் செப்புக் குண்டுக்கு மாறிவிட்டார்கள். அதுவும் விரிகிறது, ஆனால் சிதறுவதில்லை.

சட்டம் என்ன சொல்கிறது என்பதை வன ஊழியர் ஒருவர் சோதனைச் சாவடியில் வைத்து விளக்கினார். இந்த மலை 1988இலேயே சாம்பல் நிற அணிலுக்கான சரணாலயம். 2021இல் மேகமலையோடு சேர்த்துப் புலிகள் காப்பகமாகியது. பயிரை அழிக்கும் பன்றிகள் குறித்துத் தமிழக அரசு 2025 ஜனவரியில் அறிவித்த நடைமுறை தூரத்தை வைத்துப் பிரிக்கிறது. காப்புக்காட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் சுடவே கூடாது. ஒன்றிலிருந்து மூன்று கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும். மூன்றுக்கு அப்பால் மட்டும் சுடலாம், அதுவும் பயிற்சி பெற்ற வனத்துறையினர்தான். காலையில் நான் நின்ற வயல் முதல் கிலோமீட்டருக்குள்ளேயே இருக்கிறது. அந்த விவசாயிக்குத் துப்பாக்கி என்பது தீர்வே கிடையாது. அவருக்கு நல்ல வேலியும் காலத்தில் வந்து சேரும் இழப்பீடும்தான் வேண்டும்.

மலைக்கு அந்தப் பக்கம் கேரளம் வேறு வழியில் போனது. 2022 மே மாதம் முதல் உள்ளாட்சித் தலைவர்களின் அனுமதியோடு உரிமம் வைத்திருப்பவர்கள் சுடலாம். விஷம், வெடி, மின்சாரம் கூடாது. எனக்குத் தமிழகத்தின் வழியே மேலென்று படுகிறது. ராத்திரியில் பதற்றத்தோடு, கையில் கிடைத்ததைக் கெட்டித்துச் சுடுகிறவரைவிடப் பயிற்சி பெற்றவர் சுடுவது எல்லோருக்கும் நல்லது. ஆனால் பயிற்சி என்பது குறி பார்ப்பதோடு முடிவதில்லை. எந்தத் துப்பாக்கி, எந்தக் குண்டு, எத்தனை மீட்டருக்குள், பின்னால் என்ன இருந்தால் சுடக் கூடாது, அடிபட்டு ஓடினால் யார் தேடுவது, செத்ததை எங்கே புதைப்பது என்பதையெல்லாம் அந்தந்த ஊர்க்காரர்களுக்கும் முன்கூட்டியே சொல்ல வேண்டும். நான் பேசிய விவசாயிகளில் ஒருவருக்கும் இதில் எதுவும் சொல்லப்பட்டிருக்கவில்லை. சுடும் இரவில் தோப்பில் படுத்திருக்கப் போவது அவர்கள்தான்.

அவுட்டுக்காயைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். வெடிமருந்தைத் தீனிக்குள் பொதித்து வைக்கும் அந்தக் கொடுமை தாடையைப் பிளந்துவிட்டுப் பிராணியைப் பட்டினியில் சாகவிடுகிறது. 2020 மே மாதம் பாலக்காட்டில் வாய் சிதைந்து ஆற்றுத் தண்ணீரில் நின்றபடியே செத்த கர்ப்பிணி யானையை நாடே பார்த்தது. வெடிமருந்துக்குப் பழகிய மாவட்டம் நம்முடையது. சிவகாசிப் பட்டாசு எத்தனையோ குடும்பங்களுக்குச் சோறு போடும் தொழில், அதன் மருந்து இந்த வேலைக்குப் போகாமல் பார்த்துக்கொள்வது காவல் துறையின் வேலை மட்டும் இல்லை, அடிவாரத்து ஊர்க் கூட்டங்களிலும் பேசியாக வேண்டிய விஷயம்.

அடிவாரத்தில் துப்பாக்கி வைத்திருப்பவர்களிடம் கேட்டுக்கொள்வது இதுதான். டப்பாவில் இருக்கும் பால்ரஸையும் ஆணித் துண்டையும் பழைய இரும்புக் கடையில் போட்டுவிடுங்கள். சத்தத்துக்கு மருந்து மட்டும் போதும். பன்றி வந்தால் ஊராட்சியிலும் வனச்சரக அலுவலகத்திலும் எழுதிக் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள், இழப்பீட்டுக்கு அது வேண்டும். காயத்தோடு ஒரு பன்றி புதருக்குள் போனதைப் பார்த்தால் பின்னால் போகாதீர்கள். காலையில் புல்லறுக்க ஆள் வருவதற்கு முன்னால், அன்று ராத்திரியே, அக்கம்பக்கத்துத் தோப்புக்காரர்களுக்கும் வனத்துறைக்கும் தகவல் சொல்லிவிடுங்கள்.